வாசலுக்கு வந்த புட்டியும் வரப்போரத்துக் கள்ளும்

மதுவை ஹராம் என்று விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் பெருந்தொகையினராக வாழும் கூத்தாநல்லூரில் நின்றுகொண்டு மது வியாபாரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவது சிலருக்கு விபரீதமாகத் தோன்றக்கூடும். ஆயினும் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, நெல்வயல்களின் நடுவில் அமைந்து, கடல் கடந்து பொருளீட்டிய வணிகர்களால் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர் பெற்ற இவ்வூர், அந்தச் சரித்திரத்தின் எல்லா வழிகளுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கிழக்கே நாகப்பட்டினம் துறைமுகம்; வடகிழக்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால்; சில கிலோமீட்டர் தொலைவில், தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதைகளுள் ஒன்றின்மேல் நிற்கும் கொரடாச்சேரி நிலையம். சீமைச் சரக்கு இவ்வழிகளில்தான் வந்தது. சுற்றியுள்ள கிராமங்களின் வாய்க்கால் கரைகளிலும் கொல்லைகளிலும் நின்ற தென்னையிலும் பனையிலும் கள் இறங்கியது. இவ்விரண்டையும் ஒரே சர்க்கார் ஒரே சட்டத்தில் எவ்வளவு வேறு விதமாக நடத்தியது என்பதே இங்கு நான் சொல்ல விரும்பும் விஷயம்.

திராட்சை மது தமிழகத்துக்கு வந்த கதை மிகப் பழையது. யவனர் நல்ல மரக்கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் குறித்திருக்கிறார். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரண்டு கைப்பிடியும் கூர்ந்த அடிப்பாகமும் கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அவற்றுள் கோஸ் தீவின் சாடிகளும் உண்டு என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டனர்; கடல்நீர் கலந்து பக்குவப்படுத்தும் மதுவுக்குப் பெயர்போன தீவு அது. அந்தச் சாடிகளின் மது யாருக்காக இறக்கப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. துறைமுகத்தில் தங்கிய அந்நிய வணிகர்களும் அரண்மனைகளுமே அதை வாங்கியிருக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரும் வயலில் களை பறித்த உழவரும் அருந்தியது நறவும் கள்ளுமே. தூரத்திலிருந்து வந்தது உயர்ந்தோருக்கு, பக்கத்தில் விளைந்தது மற்றோருக்கு என்ற பாகுபாடு அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் அது வசதியைப் பொறுத்த பாகுபாடேயன்றிச் சட்டம் வகுத்ததன்று.

ஐரோப்பியர் சோழமண்டலக் கரையில் இறங்கியபின் சாடிகளுக்குப் பதிலாகப் பீப்பாய்களும் புட்டிகளும் வந்தன. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்ற டேனியர், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1739இல் காரைக்காலில் கொடியேற்றிய பிரெஞ்சுக்காரர் ஆகிய எல்லோரும் தத்தம் நாட்டுக் குடிவகைகளைக் கப்பலில் வருவித்துக்கொண்டனர். வருவித்தல் என்பது அந்நாளில் கடிதம் எழுதி, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, ஓராண்டுக்கு மேல் கழித்து, உடைந்தது போக மிஞ்சியதைப் பெற்றுக்கொள்வதாகும். பணம் மட்டும் போதாது, பொறுமையும் கப்பல்காரரின் சிநேகமும் வேண்டியிருந்தன. இந்தச் சரக்கு கோட்டைக்குள் இறங்கிக் கோட்டைக்குள்ளேயே தீர்ந்தது. உள்நாட்டு நெல்வயல் கிராமங்களுக்கு அது எட்டவில்லை.

எட்டும்படி செய்தவை இரண்டு காரியங்கள். முதலாவது, இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராயிருந்தபோது 1860இல் திராட்சை மதுவின்மீதிருந்த சுங்கவரி வெகுவாகக் குறைக்கப்பட்டதும், மளிகைக் கடைக்காரர் ஒற்றைப் புட்டியாக மது விற்கலாம் என்று அடுத்த ஆண்டில் சட்டம் அனுமதித்ததும் ஆகும். அதுவரை பிரபுக்கள் பீப்பாய்க் கணக்கில் வாங்கி நிலவறையில் சேமித்த பொருள், கடைவீதியில் நடுத்தரக் குடும்பத்தார் ஒன்றிரண்டாக வாங்கும் பொருளாயிற்று. 1865இல் லண்டனில் வில்லியம் வின்ச் ஹியூஸ் தொடங்கிய விக்டோரியா ஒயின் கம்பெனி கிளைக்கு மேல் கிளை திறந்தது இந்த மாறுதலால்தான். அதே அலை சென்னைக்கும் வந்தது. 1863இல் டூரண்ட், ஸ்பென்சர் என்ற இரு ஆங்கிலேயர் மவுண்ட் ரோடில் தொடங்கிய கடை, பின்னர் யூஜின் ஓக்ஷாட்டின் கைக்கு மாறி, 1895இல் சிவந்த பெருங்கட்டடமாக எழுந்து, ஆசியாவிலேயே பெரிய கடைகளுள் ஒன்று என்ற கீர்த்தியை அடைந்தது. திண்டுக்கல் சுருட்டும் சீமை ஒயினும் அதன் பேர்பெற்ற சரக்குகளாயிருந்தன.

இரண்டாவது காரியம் ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும் திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் வண்டி ஓடலாயிற்று. திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம் ஆகியவை அந்தப் பாதையின் நிலையங்கள். 1870களின் பிற்பகுதியில் மாயவரம் வழியாகச் சென்னையோடும் அது இணைந்தது. ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்தில் இருந்த காலத்தில், அதாவது அது பொன்மலைக்குப் போன 1928 வரையில், அங்கே குடியிருந்த ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களும், தஞ்சைக் கலெக்டர் முதலிய அதிகாரிகளும், சீமை வழக்கங்களில் பழகிய சில பெரிய மிராசுதார்களும் மவுண்ட் ரோடுக் கடைகளின் வெளியூர் வாடிக்கைக்காரர்கள் ஆயினர். விலைப் பட்டியலைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் குறித்துக் கடிதம் போட்டால், பன்னிரண்டு புட்டிகள் அடங்கிய மரப்பெட்டி ரயிலில் ஏறிவிடும். ஒவ்வொரு புட்டிக்கும் வைக்கோலால் பின்னிய உறை. தக்கை காயாமலிருக்கப் புட்டிகளைக் கிடத்தியே அடுக்குதல். மூடிமேல் ஆணி அடித்து முகவரி எழுதுதல். நிலையத்தில் ரசீதைக் காட்டிப் பெட்டியை இறக்கி, வில்வண்டியில் ஏற்றி, பங்களாப் படியிலோ மாளிகைத் திண்ணையிலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார் வண்டிக்காரர். கூத்தாநல்லூர் வணிகர்கள் பினாங்கிலிருந்து வந்த தங்கள் சாமான்களை நாகப்பட்டினத்தில் இறக்கி இதே ரயிலில்தான் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளின் பக்கத்தில் அந்தப் பெட்டிகளும் பயணம் செய்தன. இன்று வெளிநாடுகளில் இணையத்தின் வழியே கடைவீதி ஒயின் வியாபாரியிடம் பெட்டியாக வாங்குகிறார்களே, அதன் எல்லா அங்கங்களும், பட்டியலும் பதிவும் பணமும் வீட்டு வாசலும், கொரடாச்சேரி வழியில் அன்றே நிறைவு பெற்றிருந்தன.

இனி வரப்போரத்துக்கு வருவோம்.

தென்னையில் கள் இறக்குவது பார்த்துப் பழகாதவருக்கு எளிதாகத் தோன்றும். விரியாத பாளையைத் தேர்ந்து, நாரால் இறுகக் கட்டி, பல நாள் பக்குவமாகத் தட்டி, நுனியை மெல்லச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டவேண்டும். காலையும் மாலையும் ஏறி ஒரு மயிரிழை கனத்துக்குச் சீவினால்தான் பால் சொட்டும். ஆழச் சீவினால் பாளை வீணாகும், சீவத் தவறினால் வாய் அடைத்துவிடும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, மழைக்காலத்தில் வழுக்கும் மரம். இவ்வளவுக்கும் துணிந்தவர்தாம் மரமேறியாக இருக்க முடியும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்து அதே நாளில் கள்ளாகிவிடும். ஒரு நாள் கடந்த கள் குடிக்க உதவாது. ஆகையால் கள்ளைத் தூரதேசத்துக்கு அனுப்பவோ, பெட்டியில் அடைத்துச் சேமிக்கவோ வழியில்லை. மரம் நிற்கும் ஊரிலேயே அன்றைக்கே விற்றுத் தீரவேண்டிய பொருள் அது.

இந்தக் குணமே அதைச் சர்க்காரின் கைக்கு அடக்கமானதாக ஆக்கிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரி என்ற மதுவரிச் சட்டத்தின் கீழ், கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி விதித்து எண் குறித்தனர். கடை வைக்கும் உரிமையை ஏலம் விட்டனர். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் செலுத்திய தொகையும் மரவரியும் சேர்ந்து, மாகாண வருமானத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய தூணாக அப்காரி வருமானத்தை நிறுத்தின. மரத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கு மரவாடகை, குத்தகைக்காரருக்கு லாபம், சர்க்காருக்கு வரி. இம்மூன்றையும் இறுதியில் கொடுத்தவர், நெல்லாக அளந்த கூலியில் ஒரு பகுதியைக் கடையில் விட்டுச் சென்ற பண்ணையாளே. எவ்வளவு கள் அல்லது சாராயத்தை ஒருவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கைவசம் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டம் அளவு கட்டியது. ஆனால் அந்நிய மதுவை வியாபாரத்துக்கன்றித் தம் சொந்த உபயோகத்துக்காக வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த அளவு பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் அளித்தது. கூலிக்காரர் கையில் ஒரு கலயம் மிகுந்தால் குற்றம், பங்களாவில் பன்னிரண்டு புட்டி இருந்தால் குடும்பச் சாமான் என்று ஒரே ஏட்டில் எழுதிய இந்தச் சட்டத்தை நான் வெறுக்கிறேன். இதை நீதி என்று யாரும் நம்பியிருக்க முடியாது. வருமானம் எங்கே சுலபமாகக் கிடைக்குமோ அங்கே காவல் வைத்தார்கள் என்பதே உண்மை.

கடல் கடந்த தேசத்திலும் இதே ஏற்பாடு பின்தொடர்ந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற தஞ்சை ஜில்லாக் கூலிகளுக்காகத் தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் நடத்தப்பட்டன. சம்பளம் கொடுத்த நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே அந்தச் சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையும் இருந்தது. துரைமார்களின் கிளப்புகளுக்கோ சிங்கப்பூர்க் கடைகளிலிருந்து புட்டிகள் வந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரைகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற அவமானத்தை நீக்கவேண்டும் என்பதோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் உயிரிழந்தனர். யுத்தம் முடிந்தபின் 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தமிழ்த் தொழிலாளர் மறுபடியும் கள்ளுக்கடைகளை மறித்துப் போலீஸாரின் கடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் எதிர்த்தது போதையை மட்டுமன்று. தங்கள் உழைப்பின் பயனைத் திரும்பப் பறிக்கும் ஏற்பாட்டையும்தான். அந்த மலேயாவில் கடை வைத்தும் கடைச் சிப்பந்திகளாயிருந்தும் பிழைத்த கூத்தாநல்லூர்க்காரர்கள் இவற்றுக்கெல்லாம் சாட்சிகளாக அங்கே வாழ்ந்தவர்கள்.

தாய்நாட்டில் மதுவிலக்கு இயக்கம் எழுந்ததும் கள்ளுக்கடையின் வாசலில்தான். 1921இல் ஈரோட்டில் மறியல் நடந்தது, பெரியார் ஈ.வெ.ரா. சேலத்துக்கு அருகே தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுல் செய்தது. இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939இல் அவர் கொண்டுவந்த பொது விற்பனை வரி, நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது. இன்று கடையில் வாங்கும் பொருள்களுக்கு நாம் கொடுக்கும் வரிச் சீட்டுக்கு மூலபுருஷர் மூடப்பட்ட கள்ளுக்கடையே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

மனதாரச் செய்த இந்தப் பெரும் காரியத்தின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எனினும் அதிலும் பழைய வாசல் முற்றிலும் அடைபடவில்லை. அந்நிய நாட்டினருக்கும், குடியில் பழகி அதை விடமுடியாதவர் என்று வைத்தியர் சான்று கொடுத்தவருக்கும் பர்மிட் வழங்கப்பட்டது. பர்மிட்டுக்கு விண்ணப்பம் எழுதவும், வைத்தியரைப் பார்க்கவும், கட்டணம் செலுத்தவும் வல்லவர் யாரோ அவருக்கே அது பயன்பட்டது. மரமேறியின் கலயத்துக்குப் பர்மிட் இல்லை.

பர்மிட் இல்லாதவருக்குக் காரைக்கால் இருந்தது. 1948க்குப் பின் ஆறு ஆண்டுகள், 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறும் வரையில், அது வேறு தேசம். கைமாறிய பிறகும் வேறு சட்டம். நெல்வயலுக்கு நடுவே எங்கே கோடு கிழிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையின் ஒரு புறத்தில் குற்றமாயிருப்பது மறுபுறத்தில் உரிமம் பெற்ற வியாபாரமாயிருந்தது. நாகூரைத் தாண்டியவுடன் வரும் வாஞ்சூரிலும், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து போனால் அம்பகரத்தூரிலும் இன்றும் அந்தக் கோடு எங்கே என்பதைக் கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொண்டே அறியலாம். போகிறவர்கள் வரிசையாகப் போகிறார்கள். வருகிறவர்கள் சோதனைச் சாவடியில் சட்டைப் பையையும் வண்டிப் பெட்டியையும் திறந்து காட்டுகிறார்கள். எல்லை கடந்து பிடிபட்டோர் பட்டியலைப் பத்திரிகைகளில் படித்து வருபவர்கள் அறிவார்கள், அதில் பெரும்பாலும் இருப்பவை சைக்கிளிலும் மொபெட்டிலும் போனவர்களின் பெயர்களே.

அதற்குப் பிந்திய வரலாற்றை விரிக்கத் தேவையில்லை. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்காக அரசு டாஸ்மாக் என்ற ஸ்தாபனத்தை அமைத்தது. 2003இன் கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கவனிக்கத்தக்கது, இடையில் 1987இல் நிகழ்ந்த ஒன்று: அவ்வாண்டு முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடை. ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்ததை அரசே விற்கிறது. வரப்பிலுள்ள தென்னையிலிருந்து காலையில் இறங்கியது குற்றம். காரைக்காலில் கள்ளுக்கடைகளை இன்றும் ஏலம் விடுகிறார்கள். கேரளத்திலும் அனுமதி உண்டு. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட டெல்டாவின் மரமேறிகளுடைய தொழில் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோயிற்று. இன்று தேங்காய் பறிக்கவே ஆள் கிடைக்கவில்லை என்று தோப்புக்காரர்கள் புலம்புகிறார்கள். கலப்படமும் விஷச்சாராயமும் பற்றிய அச்சத்தை அரசு காரணமாகச் சொல்கிறது. அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் சோதித்து அனுமதிக்கும் திறமை புட்டிக்கு மட்டும் உண்டு, கலயத்துக்கு இல்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

2020இல் கொள்ளை நோய்க்காக ஊர் அடங்கியிருந்தபோது பழைய வழக்கு புது உருவத்தில் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மே 7ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறந்தன. கூட்டம் கட்டுக்கடங்காமல் நெருங்கி நின்றதைக் கண்டு, மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம், ஊரடங்கு முடியும்வரை கடைகளை மூடும்படியும், இணையத்தின் வழியே விற்று வீட்டில் சேர்ப்பதற்கு மட்டும் தடையில்லை என்றும் உத்தரவிட்டது. மாநிலம் முழுவதிலும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது நடவாத காரியம் என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. மே 15இல் தடை கிடைத்தது. 16இல் கடைகள் திரும்பத் திறந்து, டோக்கன் கொடுத்து, வெயிலில் வரிசை கட்டி விற்பனை நடந்தது. ராஞ்சியிலும் கொல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் உணவு கொண்டுசெல்லும் கம்பெனிகளே அம்மாதத்திலும் அதையடுத்தும் மதுவையும் வாசலுக்குக் கொண்டுபோயின.

அந்த வாரத்தில் இணைய விற்பனையை ஆதரித்தும் எதிர்த்தும் எழுந்த வாதங்கள் நெரிசல், நோய், குடும்பப் பெண்களின் துயரம் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. அவை எல்லாம் நியாயமான வாதங்கள். ஆனால் வாசலுக்கு வருவது யாருடைய வாசலுக்கு என்ற கேள்வியை எழுப்பியவர் சிலரே. கைப்பேசியும், வங்கிக் கணக்கும், கதவிலக்கம் உள்ள வீடும், வயதுச் சான்றும் உடையவருக்கே அந்த வழி திறக்கும். நாள்கூலி பெற்று ரொக்கமாகக் கொடுப்பவர் முன்போல் வரிசையில் நிற்பார், அல்லது எல்லைக்குச் சைக்கிள் மிதிப்பார். கள்ளுக்கான தடையை நீக்கும்படி தமிழ்நாடு கள் இயக்கத்தார் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நகரத்து வாடிக்கைக்காரரும் கம்பெனிகளும் இணைய விற்பனையைக் கேட்டு வருகிறார்கள். இரு கோரிக்கைகளையும் அரசு தனித்தனியாக வைத்தே பார்க்கிறது. அவற்றைச் சேர்த்து வைத்து, 1886ஆம் வருஷத்துச் சட்டம் கிழித்த கோடு இன்னும் எங்கெங்கே ஓடுகிறது என்று ஆராய ஒரு குழு அமைக்கப்படுமாயின், அது தன் விசாரணையைக் காரைக்கால் எல்லைச் சாவடியிலிருந்து தொடங்கி டெல்டாவின் தென்னந்தோப்புகள் வழியே நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.